சந்தனமாரி குறை சொல்லி வாங்கிய வீடு

“ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தா வாயில இருந்த முத்தா உதிர்ந்திருக்கும், அண்ணாச்சி?” என்று சந்தனமாரி கிணற்றுக்குள் குனிந்து கேட்டாள். கிணற்றுக்குள் யாரும் இல்லை. அவள் வைத ஆள், வீட்டை அவளுக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டுச் சாத்தூரில் தம்பி வீட்டோடு போய் இருந்துகொண்டார். ஆனாலும் இத்தனை காலம் அவர் தண்ணீர் இறைத்த கிணறுதானே, அவர் காதுக்குப் போகிற வழி இதற்குத் தெரியாமலா இருக்கும் என்று, கையில் வாளியும் வாயில் துப்பியும் போகாத உப்புமாக நின்று அவள் வைதாள். “நீங்க பண்ணினதுக்குப் பேரு வியாபாரமா? விக்கிறவரு வாயை மூடிக்கிட்டா, வாங்குறவ சொன்ன பொய்யெல்லாம் எங்க போய் நிக்கும்? என் வீட்டுக்குள்ளதான் வந்து நிக்குது. வந்து பாருங்க.”

அவள் சொன்னதில் மிகை இல்லை. விலை பேசிய அன்றைக்கு அந்த வீட்டைப் பற்றி அவள் என்னென்ன குறை சொன்னாளோ, அத்தனையும் ஒவ்வொன்றாக அந்த வீட்டில் உண்மையாகிக்கொண்டு வந்தது. தெருவில் அதை யாரும் சந்தேகப்படவில்லை. வாடகைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து இறக்குவது போல அந்தக் குறைகள் வந்து இறங்கின, அவ்வளவுதான்.

சந்தனமாரி குறை சொல்லக் கற்றுக்கொண்டது பழைய புடவைகளில். கல்யாணமான புதிதில் எவர்சில்வர் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவி, அருப்புக்கோட்டையில் வெயில் அடிக்கிற தெரு ஒன்றையும் விடாமல் நடந்தவள் அவள். ஒரு பட்டுப்புடவை கைக்கு வந்தால் அதை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, இல்லாத கிழிசலைத் தேடி, கறுக்காத ஜரிகை கறுத்துப்போனதென்று உதட்டைப் பிதுக்கி, எழுந்துபோகிறவள் மாதிரி கூடையில் கையை வைத்து, கடைசியில் ஒரு சின்னத் தூக்குவாளிக்கு அந்தப் புடவையை மடித்து வைத்துக்கொள்வாள். நாய் கடித்து, வெயிலில் மயங்கி விழுந்து, வாசலோடு விரட்டப்பட்டு, அப்படியே பேருந்து நிலையத்துக்கு எதிரே சொந்தப் பாத்திரக்கடை வைக்கிற அளவுக்கு ஏறி வந்தவளுக்கு, வியாபாரத்தின் முறை இன்னதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குகிறவள் குறை சொல்ல வேண்டும், விற்கிறவள் புகழ வேண்டும். நைந்துபோச்சு என்று இவள் சொன்னால், கல்யாணத்தன்று கட்டிப் பெட்டியில் வைத்தது, வெயில்கூடப் பட்டதில்லை என்று அவள் சொல்ல வேண்டும். இவள் கீழே இழுக்க அவள் மேலே இழுக்க, இரண்டு இழுப்பும் சமமாக நிற்கிற இடத்தில்தான் புடவை புடவையாக இருக்கும். ஒரு பக்கத்துக் கை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அவள் பார்த்ததில்லை, எண்ணெய்க்காரத் தெரு வீட்டை விலை பேசப் போகும்வரை.

வீடு வேண்டியிருந்தது மகளுக்காக. மேகலாவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்த கையோடு, கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை ரூமிலா தலைப்பிரசவம் பார்க்கப் போகிறார்கள் என்று சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பு சந்தனமாரிக்குக் காலில் ஏறிய கருவேல முள் மாதிரி இருந்தது. நடக்க நடக்க உள்ளே போனது. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வருகிறபோது, உத்தரத்தில் தூளி கட்டுகிற மாதிரி ஒரு சொந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று அவள் புருஷன் சின்னராசுவிடம் சொன்னாள். கடைக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிற குட்டியானை வண்டிக்காரரான சின்னராசு, மனைவி சொன்னதற்கு இதுவரை மறுத்துப் பேசியதில்லை, அதற்கும் பேசவில்லை.

வீட்டை விற்ற அண்ணாச்சி பிள்ளை இல்லாதவர், பெண்டாட்டியையும் இழந்து ஒற்றை ஆளாக அந்த வீட்டில் இருந்தார். காரை பூசிய சுவரும், தேக்கு உத்தரமும், கூடத்தின் நடுவில் முற்றமுமாக நல்ல வீடு. சந்தனமாரிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதாலேயே அவளுக்குக் கோபம் வந்தது. பிடித்த பொருளைக் கூடுதலாகத் திட்டுவது அவள் தொழில். கிணற்றுத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள், இளநீராக இறங்கியது, முகத்தைச் சுளித்து உப்பு என்றாள். கூடத்தில் நடந்து பார்த்து, தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றாள். முற்றமே வெயிலில் மிதந்துகொண்டிருந்தபோது, வெயில் எட்டிப் பார்க்காத வீடு, பகலிலேயே லைட்டு போட வேண்டும் என்றாள். அண்ணாச்சி சிரித்தார். நன்றாகப் பேரம் பேசத் தெரிந்த மனிதர் சிரிக்கிற சிரிப்பு அது. கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரத்தில், அவரை முந்திக்கொண்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில், சந்தனமாரி அதையும் சொன்னாள்.

“பிள்ளைச் சத்தமே கேக்காத வீட்டுக்கு யாரு அண்ணாச்சி இந்த விலை குடுப்பா?”

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு, சரி தாயி என்றார். தண்ணீருக்கும் சரி, தரைக்கும் சரி, வெயிலுக்கும் சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சரி. அவள் சொன்ன விலைக்கே வீடு முடிந்தது. வழியெல்லாம் சின்னராசுவிடம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள், வீடு வந்து சேர்ந்தும் சொன்னாள், படுத்த பிறகுதான் கையில் இருந்த ஏதோ நழுவிவிட்டது மாதிரி இருந்து புரண்டு படுத்தாள்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பது பிள்ளை வளர்ப்பது மாதிரி என்று கொத்தனார் ராயப்பன் முதல் நாளே எச்சரித்திருந்தார். ஒன்றைத் தொட்டால் ஒன்று அழும். சுண்ணாம்பைச் சுரண்டினால் செங்கல் உதிர்ந்தது, வயர் போகச் சுவரை வெட்டினால் கரையான் வீடு கட்டியிருந்தது. தினமும் கடையைத் திறந்துவைத்துவிட்டு சந்தனமாரி சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி கடைக்கும் வீட்டுக்குமாக ஓடினாள், சிமெண்டு மூட்டைக்கு வாய்ச்சண்டை, மணல் லோடுக்கு வாய்ச்சண்டை, குழாய்க்காரரோடு தனிச் சண்டை. இதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் கலவை குழைக்க இறைத்த தண்ணீரை ராயப்பன் நாக்கில் வைத்துப் பார்த்து, இதில் குழைத்தால் சுவர் பொரிந்துவிடும், இது கடல் தண்ணிதான் என்று துப்பியபோது, விலை பேசிய அன்றைக்குத் தான் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அந்த வாரமே வீட்டுக்குள் வெயில் வருவதும் நின்றது. தெருவெல்லாம் வெயில் கொளுத்த, அவள் வீட்டுக்கு மேலே வந்த வெயில் முற்றத்துக் கம்பிவரை இறங்கி, அதற்கு மேல் வராமல், அழைக்காத வீட்டு வாசலில் நிற்கிற மனிதன் மாதிரி தயங்கி நின்றுவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போனது. கூடத்தில் புதிதாக டைல்ஸ் ஒட்டி முடித்து, ராயப்பன் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. ஆனால் கீழே வைத்த எலுமிச்சம்பழம் உருண்டது. பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டினார்; மறுபடியும் குமிழி நடுவில் நின்றது, மறுபடியும் பழம் உருண்டது.

“மட்டம் சரியாத்தான் இருக்கு. வீடுதான் ஒத்துக்க மாட்டேங்குது,” என்றார் ராயப்பன்.

தெரு இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், சும்மா கிடைத்ததை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பூக்காரி ஈஸ்வரி, வெயில் வராத கூடத்தில் மல்லிகைப் பூவைக் கொண்டுவந்து வைத்தாள். மத்தியானம் தாண்டியும் அரும்பு விரியாமல் இருந்தது. ஊறுகாய் போடுகிறவர்கள் குடத்தோடு வந்தார்கள், மாங்காய்க்கு அளவான உப்பு என்று கிணற்றைப் பாராட்டினார்கள். கால் வலிக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் காலை முக்கி வைத்தார்கள். பிள்ளைகள் கோலிக்குண்டைத் தரையில் வைத்துவிட்டு, அது தானாக ஈசானி மூலைக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டாலும், உனக்கென்னக்கா, வாய்ச்ச வீடுக்கா என்றார்கள். சந்தனமாரி அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கத்திப் பார்த்தாள். கேட்டுவிட்டு, அடுத்த நாளும் குடத்தோடு வந்தார்கள்.

இத்தனைக்கும் அவள் கலங்கவில்லை. தண்ணீருக்குக் குழாய் இழுத்துக்கொள்ளலாம், வெயிலுக்கு லைட்டு போட்டுக்கொள்ளலாம், உருளுகிறதை உருளாத மாதிரி முட்டுக்கொடுத்து வைக்கலாம். ஆனால் அன்றைக்குச் சொன்னது மூன்று குறையோடு நிற்கவில்லை என்பதை மட்டும் அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். சிமெண்டு தூசியிலும் பெயிண்டு வாடையிலும் அந்த நினைப்பை அமுக்கி வைத்திருந்தாள், சித்தாள் மூக்கம்மா தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்த நாள் வரைக்கும்.

உத்தரத்தில் பழைய இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. அதில் சேலையைக் கட்டித் தூளியாக்கி, பிள்ளையைப் போட்டுவிட்டு மூக்கம்மா மணல் சுமந்தாள். காலையில் இருந்து பிள்ளை சத்தமே காட்டவில்லை. இந்த மாதிரி பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று ராயப்பன்கூடச் சொன்னார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூக்கம்மா தூளியை விலக்கிப் பார்த்தபோது, பிள்ளை முகமெல்லாம் செக்கச்செவேலென்று, வாய் முழுக்கத் திறந்து, தொண்டை நரம்பு புடைத்து, அழுதுகொண்டிருந்தது. எத்தனை நேரமாகவோ அழுதுகொண்டிருந்தது. தூளித் துணி கண்ணீரில் நனைந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை. மூக்கம்மா அலறியடித்துக்கொண்டு பிள்ளையை அள்ளி வாசலுக்கு ஓடினாள். வாசற்படியைத் தாண்டிய அந்த நொடியில், அடைத்துவைத்த குழாயைத் திறந்துவிட்டது மாதிரி, தெருவே திரும்பிப் பார்க்கப் பிள்ளையின் அழுகை கொட்டியது.

சந்தனமாரி கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கையில் இருந்து நழுவிய தண்ணீர் டம்ளர் மட்டும் ஈசானி மூலைக்கு உருண்டு போனது.

அதற்கும் தெருவுக்கு ஒரு உபயோகம் கிடைத்தது. தடுப்பூசி போட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துகொள்கிறோமே என்றார்கள். டியூசன் எடுக்கிறவர் பிள்ளைகளை அழைத்துவந்து உட்கார வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே பேசித் தானே கேட்டார். பிள்ளைகள் வாயசைத்துச் சிரித்தார்கள், வாயசைத்துச் சண்டை போட்டார்கள், கீழே விழுந்து வாயசைத்து அழுதார்கள். அப்படி ஒருத்தி விழுந்து அழுததை யாரும் கவனிக்காமல், அவள் முழங்கையில் எலும்பு விலகி இருந்தது வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகும் வந்தார்கள், பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு.

சந்தனமாரி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். கூடத்தின் நடுவில் நின்று அந்த வீட்டைப் புகழ்ந்தாள். இது மாதிரித் தண்ணீர் ஜில்லாவிலேயே கிடையாது என்றாள், வெயில் வந்து விளையாடுகிற வீடு என்றாள், பிள்ளைகள் கத்திக் கூரையைப் பிய்க்கிற வீடு என்றாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். வாங்குகிறவள் புகழ்ந்தால் வியாபாரத்தில் அது செல்லாது என்று அவளுக்குத் தெரியாதா? அவள் வாய்க்கு இருக்கிற செல்லுபடியெல்லாம் குறைக்குத்தான். புகழ்கிற உரிமை விற்றவருடையது, அவர் அதைச் சொல்லாமலே போய்விட்டார். சாத்தூருக்குப் போன் போட்டாள். நடந்ததை முழுதாகச் சொன்னாள், வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்றாள்.

“நீங்க சொன்னதுக்கெல்லாம் நான் சரின்னுதானே சொன்னேன், தாயி. இன்னும் என்ன?” என்றார். வைத்துவிட்டார்.

வளைகாப்பு முடிந்து மேகலா வந்தாள். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். சின்ன வயதில் பாத்திரக் கூடைக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு படுத்த பெண், ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்குப் போவதற்காகவே போய்ப் போய் வந்தாள். அம்மா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது பிற பிள்ளைகளுக்கு இருக்கும், பேத்திக்கோ பேரனுக்கோ வீடு விட்டுக்கொடுக்கும் என்றாள். சந்தனமாரியும் அப்படி நம்பிக்கொண்டாள். நம்பிக்கொண்டு, கொக்கிக்குக் கீழே தொட்டில் கம்பும், புதுச் சேலையும், பிள்ளை கண்ணில் படுகிற மாதிரி கிளிப் பொம்மையும் வாங்கித் தொங்கவிட்டாள்.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அது அழுத அழுகைக்கு அடுத்த வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அம்மாச்சி மாதிரி வாய் என்று நர்ஸ் சொன்னாள். சின்னராசு வண்டியில் மெத்தை விரித்து அழைத்து வந்தார். வழி நெடுக அழுதது, தெரு முனையில் அழுதது, வாசலில் ஆரத்தி எடுக்கும்போதும் அழுதுகொண்டே இருந்தது, மேகலா வலது காலை உள்ளே எடுத்து வைத்தாள், அழுகை அறுந்தது. ஈஸ்வரியும் மற்றவர்களும் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்க, மேகலா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. அவள் காதைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, எனக்குக் கேக்கல,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஏசவில்லை, கோபிக்கவில்லை. கொஞ்ச நாள் பார்த்தாள், தூங்காமல் பார்த்தாள். பிள்ளை எப்போது பசித்து அழுகிறது என்று தெரியாமல் விளக்கைப் போட்டுக்கொண்டு முகத்தையே பார்த்துக் கிடந்தாள். ஒரு தடவை கண் அசந்து எழுந்தபோது பிள்ளை அழுது அழுது நீலம் பாரித்திருந்தது. மறுநாள் காலையில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். வண்டியில் ஏறும்போது, வீடு நல்லாத்தான் இருக்கும்மா, நீ பத்திரமா இரு என்று அம்மாவுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். வண்டி தெருவில் திரும்புகிறவரை பேத்தியின் அழுகை கேட்டது. வாசற்படிக்கு வெளியே நின்று, அது தேய்ந்து நிற்கிறவரைக்கும் கேட்டுவிட்டு சந்தனமாரி உள்ளே வந்தாள்.

தொட்டில் சேலையை அவிழ்க்க ஸ்டூல் போட்டு ஏறினாள். அப்போதுதான் கொக்கியைக் கிட்டத்தில் பார்த்தாள். பழைய பொருளைப் பார்க்கத் தெரிந்த கண் அது. வெளிப்பக்கம் துருவேறிய அந்தக் கொக்கி, உட்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்ந்து, பாதியாக மெலிந்திருந்தது. ஒரு தூளி ஆடி, ரெண்டு தூளி ஆடி இரும்பு அப்படித் தேயாது. பூவை எடுக்க வந்த ஈஸ்வரியைக் கூப்பிட்டு, பிள்ளை இல்லாத வீட்டில் இது எப்படித் தேய்ந்தது என்று கேட்டாள்.

ஈஸ்வரி பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “ஏன்க்கா, நானே அதுல கெடந்தவதான். இந்தத் தெருவுல வேலைக்குப் போற பொம்பளைங்க பிள்ளையெல்லாம் அந்த அண்ணாச்சி வீட்டம்மாகிட்டத்தான் கெடக்கும். ஒண்ணு தூங்குனா ஒண்ணு கத்தும். அண்ணாச்சி பேப்பர் படிக்க முடியலைன்னு வாசல்ல வந்து உக்காந்துக்குவாரு.”

இதை ஏன்டி இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று சந்தனமாரி கேட்க, நீங்க வீட்டைப் பத்தி நல்லதா எதையும் கேக்கலையேக்கா என்றாள் ஈஸ்வரி.

சந்தனமாரி முகம் கழுவவில்லை, சேலை மாற்றவில்லை. கடையைத் திறக்கச் சொல்லிச் சின்னராசுவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாத்தூர் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம், கழுத்து வளையக் கூடை சுமந்து போய்ப் புடவை வாங்கிய வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஜரிகை கறுத்துவிட்டதென்று அவள் சொன்னபோது பதில் பேசாமல் புடவையைக் கொடுத்துவிட்டு உள்ளே போன பெண்கள் சிலரும் இருந்தார்கள் இல்லையா என்று தோன்றியது. அன்றைக்கு அவர்களை அவள் விவரமில்லாதவர்கள் என்று நினைத்திருந்தாள்.

அண்ணாச்சி தம்பி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் உட்காரவும் இல்லை, தம்பி பெண்டாட்டி நீட்டிய தண்ணீரை வாங்கவும் இல்லை.

“தூளிக் கொக்கியைப் பாத்துட்டு வர்றேன், அண்ணாச்சி,” என்றாள்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் சொன்னது சொல்லக் கூடாத வார்த்தைதான். என் வாய் அப்படி. அதுக்கு நீங்க என்னை வெளிய போன்னு சொல்லியிருக்கணும், துண்டை வச்சு அடிச்சிருக்கணும். சரின்னு சொல்லலாமா? இரும்பு தேயத் தேய ஊர்ப் பிள்ளையெல்லாம் ஆட்டின அந்த அம்மாவை, இல்லவே இல்லைன்னு நான் சொல்றேன், நீங்க சரிங்கிறீங்க. அந்தக் கோவத்துலதான் வீடு என் பேத்தி சத்தத்தை முழுங்கிட்டு உக்காந்திருக்கு.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அன்றைக்குத் திறந்த மாதிரியே திறந்தார். அவள் முந்திக்கொள்ளவில்லை. காத்திருந்தாள். வார்த்தை வரவில்லை, கண்தான் நிறைந்தது. சந்தனமாரிக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டில் எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கொடியில் கிடந்த அவருடைய சட்டையை எடுத்து உதறி அவர் மடியில் போட்டாள்.

“எந்திரிங்க. சட்டையைப் போடுங்க. இங்க வச்சுச் சொன்னா செல்லாது, அந்தக் கூடத்துல வந்து நின்னு சொல்லணும். மொதல்ல இருந்து பேசுவோம். தண்ணி உப்புன்னு நான் சொல்லுவேன். தரை சாயுதுன்னு சொல்லுவேன். இருட்டுன்னு சொல்லுவேன். கடைசியா அதையும் சொல்லுவேன், என் வாயாலயே திரும்பவும் சொல்லுவேன். இந்தத் தடவை நீங்க விட்டுக்குடுக்கக் கூடாது, அண்ணாச்சி.”